பிலாத்து பெங்களூர் போன சனிக்கிழமை

பாவம் செய்வதற்கும் ஒரு திட்டம் வேண்டும். நான் போட்டது முதல் தரமான திட்டம். அதில் ஓர் ஓட்டையும் கிடையாது. வீட்டில் மனைவி என்று ஒருத்தி இருந்தாள், அவ்வளவுதான்.

என் பெயர் சிங்கராயர். ஓசூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சைக்கிள் கடை. தொழில் பஞ்சர் ஒட்டுவது. பைத்தியம் நாடகம் பார்ப்பது. பெங்களூரில் எந்தக் கொட்டகையில் எந்தக் கம்பெனி வந்து இறங்கினாலும் நான் அங்கே ஆஜர். சர்க்கஸ், மாஜிக், பரதம், கத்தி விழுங்குகிறவன், எதையும் விட்டதில்லை. மனைவி ஆரோக்கியசெல்வியை மட்டும் ஒரு தடவையும் அழைத்துப் போனதில்லை. "கூட்டம் இடிக்கும்" என்பேன். அவள் பேசாமல் இருப்பாள். பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கல்யாணமான ஆண்கள் செய்யும் தவறுகளில் இதற்குத்தான் முதலிடம்.

எங்கள் கோயிலில் நாற்பது நாள் நோன்பான தபசு காலம் முடியும் வாரத்தில் பாஸ்கா போடுவார்கள். சேசுநாதர் பாடுபட்ட சரித்திரத்தை ஊரார் நாங்களே வேஷம் கட்டி நடிப்போம். பல வருஷமாக நான் கூட்டத்தில் ஒருவன். "சிலுவையில் அறையும்!" என்று கத்துவதோடு என் கலை முடிந்துவிடும். இந்த வருஷம், சேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவுகிற தேசாதிபதி பிலாத்தின் வேஷம் கிடைத்தது. சிம்மாசனம், சிவப்பு அங்கி, கை கழுவப் பித்தளைத் தாம்பாளம், எல்லாம் உண்டு.

ஆனால் ஒரு நிபந்தனை. வேஷம் கட்டுகிற ஒவ்வொருவரும் தபசு காலம் தொடங்கும் விபூதி புதனன்று பங்குச் சாமியார் முன்னால் நின்று, தபசு காலம் முழுக்க எதை ஒறுக்கிறோம் என்று வார்த்தைப்பாடு கொடுக்கவேண்டும். ஏரோது கறியை விட்டார். யூதாஸ் பீடியை விட்டார். என் முறை வந்தது. சாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிங்கராயா, உனக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை விடு."

சிவப்பு அங்கி கண்ணெதிரே தொங்கியது. வீரம் பொங்கிவிட்டது.

"நாடகம், நடனம், சர்க்கஸ் ஒண்ணும் பார்க்கமாட்டேன் சாமி. தெருவில் கரடி ஆடினாலும் கண்ணை மூடிக்குவேன்!"

மறுவாரமே தெருவில் கரடி ஆடியது. ஊரே கூடி நின்றது. நான் கடைக்குள் டயர்களுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

வார்த்தைப்பாடு தவறினால் வேஷம் போகும். அது யாருக்குப் போகும் என்பதும் எனக்குத் தெரியும். என் மனைவியின் தம்பி சூசை பிலாத்தின் வசனத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தான். தினமும் காலையில் கடைக்கு வந்து விசாரிப்பான்.

"மாமா, உடம்பு எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுடா."

"அப்படியா..." என்று பெருமூச்சு விட்டுப் போவான்.

இந்தச் சமயத்தில்தான் 'மனோரஞ்சித நாடக சபா' பெங்களூர் கண்டோன்மெண்டில் இறங்கியது. என் கடைக்கு எதிரே வந்து நிற்கும் ஒவ்வொரு பஸ்ஸின் முதுகிலும் அதன் நோட்டீஸ். நான் பஞ்சர் பார்ப்பேன். பஸ் என்னைப் பார்க்கும். 'மிஸ் ரத்தினமாலாவின் மழை நடனம்!' போதாக்குறைக்கு, அதைப் பார்த்துவிட்டு வந்தவன் கண்டக்டர் ஆஞ்சப்பன்.

"மேடையிலே நெஜ மழைண்ணா. மேலேர்ந்து கொட்டுது. அந்தம்மா நடுவுல நின்னு ஆடுது. மழை நின்னதும் பாத்தா, புடவை நனையல!"

"நனையலியா?"

"ஒரு சொட்டு இல்ல. கம்பெனி மேனேஜர் வந்து முந்தானையப் பிழிஞ்சே காட்டினாரு."

"எப்படிப்பா?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு இங்க விசில் ஊதிக்கிட்டு நிக்கறேன்? சனிக்கிழமை பகல் ஆட்டத்தோட முடியுது. அப்புறம் கம்பெனி மைசூர் போகுதாம்."

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தூக்கத்தில் மழை பெய்தது. நான்தான் நனைந்தேன்.

அப்போது பிறந்ததுதான் அந்தத் திட்டம். சனிக்கிழமை பெங்களூர் போவது. மூன்று மணி ஆட்டம் பார்ப்பது. முடிந்ததும் நேரே கண்டோன்மெண்ட் கோயிலுக்குப் போய், என்னைத் தெரியாத ஒரு சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்வது. அவர் அபராதமாகக் கொடுக்கும் ஜெபத்தைச் சொல்லிவிட்டுச் சுத்த ஆத்துமாவாகச் சாயங்கால பஸ் ஏறுவது. பாவமும் பெங்களூரில், மன்னிப்பும் பெங்களூரில். பெங்களூரிலிருந்து வரும் பஸ்ஸை எல்லையில் நிறுத்தி மதுவிலக்குப் போலீஸ்காரர் வாயை முகர்ந்து பார்ப்பார். பார்த்த நடனத்தை முகர்ந்து கண்டுபிடிக்க எந்தச் சர்க்காரிடமும் ஆள் கிடையாது.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஆரோக்கியம், நாளைக்குப் பெங்களூர் போய் பாவசங்கீர்த்தனம் பண்ணலாம்னு இருக்கேன்."

"ஏங்க, நம்ம ஊரு சாமியாருக்குக் காது கேக்கலியா?"

"அவருக்கு என் குரல் தெரியும். வெக்கமா இருக்குது."

"அவ்வளவு பெரிய பாவமா? எப்பப் பண்ணுனீங்க?"

"சின்னச் சின்னதுதான். சேர்ந்துபோச்சு."

அவள் ரசம் ஊற்றினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்ல காரியம். நானும் வரேன்."

"நீயா? கூட்டம் இடிக்கும்."

"பாவசங்கீர்த்தனத்துலயா?"

"பஸ்ஸுல..."

"இடிச்சா அதையும் ஒறுத்தல்ல சேத்துக்கறேன். மேரிராணி அக்காவைப் பார்த்தும் நாளாச்சு. அக்கா வீடு அந்தக் கோயிலுக்குப் பின்னாடிதானே?"

இரவெல்லாம் யோசித்தேன். சரி, வரட்டும். அக்காவும் தங்கையும் வாயைத் திறந்தால் பொழுது போவது தெரியாது. இவளை அங்கே இறக்கிவிட்டு நான் நழுவலாம். திட்டத்தில் சிறு மாற்றம்; அவ்வளவுதான்.

காலையில் மல் ஜிப்பாவை மாட்டிக்கொண்டேன். கழுத்தோரம் கொஞ்சம் அத்தர். கண்ணாடியில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கமகமன்னு இருக்கீங்க."

"கோயிலுக்குப் போறோமே."

"ஆமா, ஆமா."

பஸ்ஸில் ஆஞ்சப்பன் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "என்னண்ணா, இன்னிக்கு..." என்று ஆரம்பித்தவன், பின்னால் ஏறிய ஆரோக்கியசெல்வியைப் பார்த்ததும் "...வெயில் ஜாஸ்தி" என்று முடித்தான். வழியெல்லாம் எனக்கு வியர்த்தது.

பெங்களூரில் இறங்கியதும் நான் சொன்னேன். "நீ அக்கா வீட்டுக்குப் போ. எனக்கு மார்க்கெட்டுல சைக்கிள் சாமான் வாங்கணும். சாயங்காலமா கோயிலுக்கு வந்துடறேன்."

"பாவசங்கீர்த்தனத்துக்கு வந்துட்டு முதல்ல மார்க்கெட்டா? ஆத்துமா முதல்ல. டியூபு அப்புறம்."

அக்கா வீட்டில் சாப்பாடு. மேரிராணி என் தட்டில் சோற்றை மலையாகக் குவித்தாள். மனசு கொட்டகை வாசலில் நின்றது. சகோதரிகள் இருவரும் சமையலறையில் குசுகுசுவென்று பேசினார்கள், சிரித்தார்கள். எனக்குச் சுவர்க் கடிகாரம் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கோயிலுக்குள் நுழைந்தபோது இரண்டு மணி தாண்டிவிட்டது.

உள்ளே வரிசை. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக் கூண்டில் வெள்ளைத் தாடிச் சாமியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆண்கள் முன்னால், பெண்கள் பக்கத்துக் கம்பித் தடுப்பு வழியாக. பெண்கள் பக்கம் கூட்டமில்லை. ஆரோக்கியசெல்வி முதலில் போனாள். போனவள் எழுந்திருக்கவே இல்லை. இவளிடம் இவ்வளவு பாவமா என்று எனக்கே ஆச்சரியம். சாமியார் இரண்டு தடவை தலையைத் திருப்பி ஆண்கள் வரிசையைப் பார்த்தார்.

என் முறை வந்தது. அவசர அவசரமாக ஒப்பித்தேன்.

"கோபப்பட்டேன் சாமி. பழைய டியூபைப் புதுசுன்னு ஒட்டினேன் சாமி. பூசையில தூங்கினேன் சாமி. அவ்வளவுதான் சாமி."

"செய்த பாவம் முடிஞ்சுது" என்றார் சாமியார். "செய்யப்போற பாவம்?"

நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"இன்னிக்கு எங்கேயாவது போறதா எண்ணம் இருக்கா, மகனே?"

பொய் சொல்லலாம். ஆனால் சொல்கிற இடம் அது அல்லவே! பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொன்னால் அதைக் கழுவ எந்த ஊருக்குப் போவது?

"ஒரு... மழை... பார்க்கலாம்னு, சாமி."

"சேசுவே!" என்றார் சாமியார். தாடி ஆடியது. கோபமா சிரிப்பா, எனக்குத் தெரியவில்லை. "அபராதம் சொல்றேன். முழுச் சிலுவைப்பாதை. பதினாலு ஸ்தலமும், முழங்கால் போட்டு. முடிக்காம கோயில் வாசல் தாண்டக் கூடாது."

எழுந்து வந்தேன். ஆரோக்கியசெல்வி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.

"என்ன அபராதம்?"

"சிலுவைப்பாதை."

"ஐயோ பாவம். எனக்கு மூணு அருள்நிறை மந்திரந்தான். முடிச்சுட்டேன். நீங்க நிதானமா, பக்தியா பண்ணுங்க. நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

அவள் போனதும் எனக்கு உயிர் வந்தது. திட்டம் இன்னும் சாகவில்லை. வேகமாகச் செய்தால் முடித்துவிட்டு ஓடலாம். மழை எப்படியும் கடைசிக் காட்சியில்தான். சேசு சிலுவை சுமந்த கதை சுவர் நெடுகப் பதினாலு படமாகத் தொங்கியது. முதல் ஸ்தலத்தில் முழங்கால் பட்டதும் எழுந்தேன். இரண்டாவதில் பட்டும் படாமலும். மூன்றாவது ஸ்தலத்தில், சேசு முதல் முறை விழுகிற இடத்தில், பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டது.

திரும்பினேன். நீலப் பட்டி கட்டிய மாதா சபைப் பெண்கள் ஒரு பெருங்கூட்டம். தலைவி மாதிரி இருந்த ஓர் அம்மாள் என் உயரத்துக்கு ஒரு சிலுவையைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்கதானே ஓசூர் அண்ணன்? மேரிராணி அக்கா சொன்னாங்க. இன்னிக்குச் சிலுவைப்பாதைக்கு முன்னால சிலுவை தூக்க ஆம்பள ஆள் இல்லையேன்னு தவிச்சுக்கிட்டிருந்தோம்."

"அம்மா, நான் பாதி முடிச்சுட்டேன்..."

"பரவாயில்ல அண்ணா. எங்களோட முதல்லேர்ந்து வாங்க."

தீர்ப்புச் சொல்லவேண்டிய பிலாத்து சிலுவையைத் தூக்கிக்கொண்டு நடந்தான். ஒவ்வொரு ஸ்தலத்திலும் ஒரு பாட்டு. ஒவ்வொரு பாட்டிலும் எல்லாச் சரணமும். ஒவ்வொரு சரணத்தையும் இழுத்து இழுத்துப் பாடினார்கள். சேசு இரண்டாம் முறை விழுந்தபோது மணி நான்கு அடித்தது. நான் பெருமூச்சு விட்டேன். "பாருங்கடி, என்ன பக்தி! கண்ணு கலங்குது" என்றாள் ஒருத்தி.

எல்லாம் முடிந்தபோது ஆட்டமும் முடிந்திருக்கும் நேரம் ஆகிவிட்டது. முழங்கால் இரண்டும் என்னுடையவைதானா என்று தடவிப் பார்த்தபடி கோயில் படியில் உட்கார்ந்திருந்தேன். வெயில் இறங்கியிருந்தது. சகோதரிகள் இருவரும் வந்தார்கள். தலையில் மல்லிகை. முகத்தில் பூரிப்பு. ஆரோக்கியசெல்வி விசிறிக்கொண்டிருந்தது ஒரு நாடக நோட்டீஸால்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"நீ... எங்கடி போயிருந்தே?"

"மழை பாக்க. பொம்பளைங்களுக்குத் தனி வாசல், தனி இடம். ஒரு இடியும் இல்ல. நீங்கதான் கூட்டம் இடிக்கும், இடிக்கும்னு என்னைப் பயமுறுத்தி வச்சிருந்தீங்க."

"தபசு காலத்துல ஆட்டமா? பாவமில்ல?"

"நான் வெத்தலை பாக்குல்ல ஒறுத்தேன்? ஆட்டத்தை விட்டது நீங்க. அவங்கவங்க வார்த்தைப்பாடு அவங்கவங்களுக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் எட்டாவது படிச்சவ. பஸ் பின்னாடி ஒட்டின நோட்டீஸை உங்களுக்கு மட்டுமா ஒட்டுறாங்க? சனிக்கிழமை வியாபாரத்தை விட்டுட்டு, மல் ஜிப்பாவும் அத்தருமா எந்த ஆம்பள பாவசங்கீர்த்தனத்துக்குப் போறான்?"

"சாமியார்கிட்ட அவ்வளவு நேரம் என்ன சொன்னே?"

"என் பாவம் ஒரு நிமிஷத்துல முடிஞ்சுது. மீதி நேரம் உங்களப் பத்தித்தான். இவரு ரொம்ப நல்லவரு சாமி, ஆனா வாசல் திறந்திருந்தா நிக்கமாட்டாருன்னேன்."

மேரிராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பஸ்ஸை நோக்கி நொண்டினேன்.

பஸ் ஊரைத் தாண்டும்வரை ரோஷமாக இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"ஆரோக்கியம், அந்தப் புடவை... எப்படி நனையலே?"

"கேக்காதீங்க. சொன்னா பார்த்த மாதிரிதான். நீங்க பிலாத்து. வேஷம் போயிடும். அங்க சூசை காத்துக்கிட்டிருக்கான்."

"லேசா சொல்லேன்."

"ஐயோ, எனக்குப் பாவம் வரும். நீங்க அந்தப் பக்கம் திரும்பி ஜெபமாலை சொல்லுங்க."

திரும்பினேன். அவள் தன் மறுபக்கத்தில் இருந்த தளி ஊர்ப் பூக்காரி சென்னம்மாளின் காதில் ஏதோ சொன்னாள். "அட, இவ்வளவுதானா!" என்று சென்னம்மாள் உடம்பு குலுங்கச் சிரித்து, முன் சீட்டுக்காரியைத் தட்டினாள். அவள் தன் புருஷனிடம் கன்னடத்தில் சொன்னாள். அவன் ஆஞ்சப்பனைக் கைதட்டிக் கூப்பிட்டான். என் காதுக்கு எட்டாமல் அது சீட்டு சீட்டாக முன்னேறிக்கொண்டே போனது.

ஓசூரில் இறங்கியபோது அந்தப் பஸ்ஸில் மழையின் ரகசியம் தெரியாதவன் நான் ஒருவன்தான். டிரைவர்கூட என்னைப் பார்த்துச் சிரித்தார்.