நட்டுக் காக்காவின் இறுக்கு

கல்முனையில் இரும்பே பயந்து நடந்தது ஒரே ஒரு மனிதருக்குத்தான், நட்டுக் காக்காவுக்கு. எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கம் எந்த எஞ்சின் நின்றாலும் அவர்தான் வர வேண்டும். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்; சொந்தப் பெயர் அவருடைய உம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாது.

ஆள் ஈர்க்கில் மாதிரி இருப்பார். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் ஊரே வாயை மூட வேண்டும். போல்ட் இறுக்கும்போது யார் சலாம் சொன்னாலும் பதில் வராது. கடைசி போல்ட்டையும் இறுக்கி, ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு, வெறும் றோட்டைப் பார்த்து "வஅலைக்குமுஸ்ஸலாம்" என்பார். சொன்னவர் அதற்குள் மருதமுனை போய்ச் சேர்ந்திருப்பார்.

கழற்றுவதற்கும் சட்டம் இருந்தது. ஒவ்வொரு போல்ட்டும் எந்த ஓட்டையில் இருந்ததோ அந்த ஓட்டைக்கே திரும்பிப் போக வேண்டும். அதற்காக ஒவ்வொன்றுக்கும் தனித் தேங்காய்ச் சிரட்டை வைத்திருப்பார். மாற்றிப் போட்டால் என்ன என்று கேட்ட ஒரு முதலாளியிடம், "ஒருத்தன்ட பொஞ்சாதிய இன்னொருத்தன்ட வீட்ட அனுப்புவீங்களா?" என்று கேட்டார். முதலாளி அந்தப் பக்கமே பிறகு வரவில்லை.

ஒரு மாசி மாதம். வெட்டிய கதிரெல்லாம் களவெட்டியில் குவிந்து கிடக்க, அதை மிதிக்க வந்த எங்கள் உழவு மெசின், அதுதான் டிராக்டர், புகையைக் கக்கிவிட்டு நின்றது. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் நெல் முளைத்துவிடும். எங்கள் வீட்டின் ஒரு வருஷச் சோறும் அடுத்த போகத்து விதைநெல்லும் அந்தக் குவியலுக்குள்தான் இருந்தன. வாப்பா தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார்.

காக்கா வந்து எஞ்சினின் தலையைக் கழற்றினார். தலைக்கும் உடலுக்கும் நடுவில் எரிந்துபோயிருந்த காஸ்கட் தகட்டை மாற்றி, தலையைத் திரும்ப வைத்தார். பிறகு நடு போல்ட்டில் தொடங்கி, குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினார். வேலைக்கு வந்தவர்கள் இருமலைக்கூட விழுங்கினார்கள். முடித்துவிட்டு, கையைக் கழுவி, வாய்க்கால் வரம்பில் அசர் தொழ நின்றார்.

என் ராத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் மச்சான், நெல் மூட்டையை ஒற்றைக் கையால் தூக்குகிற ஆள். "இந்த ஒல்லி மனுசன்ட இறுக்குக் காணுமா?" என்றவர், ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புப் பைப்பைச் செருகி, பக்தியோடு பிஸ்மி சொல்லி இழுத்தார். டிங் என்றது. போல்ட்டின் தலை வேறு, உடல் வேறு.

அந்தச் சத்தம் வரம்பு வரை கேட்டிருக்கும். காக்கா திரும்பவில்லை. கடைசி ரக்அத்தை முடித்து, ஆறுதலாக இரண்டு பக்கமும் சலாம் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். முறிந்த துண்டைக் கையில் எடுத்து, மவுத்துச் செய்தி கேட்டவர் மாதிரி "இன்னாலில்லாஹி" என்றார். மச்சான் பைப்பை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றார்.

"கழுத்தப் புடிச்சி நெரிச்சா மனுசனே சாவான் மருமகன். இரும்பு என்ன செய்யும்?" என்றார் காக்கா. ஏச்சு அவ்வளவுதான்.

ஓட்டைக்குள் மாட்டியிருந்த மிச்சத்தை நீளமான உளியால் ஓரமாகத் தட்டித் தட்டியே சுழற்றி, கிறீஸ் பூசின குச்சியில் ஒட்டி வெளியே எடுத்தார். ஆனால் மாற்று போல்ட்? அக்கரைப்பற்றுக்குப் போய்த் தேடிவர மழை விடாது. காக்கா சைக்கிளை எடுத்தார்.

அவர் வீட்டு வளவில், கிடுகுக் கொட்டிலுக்குள், இதே இன எஞ்சின் ஒன்று இருந்தது. சொந்தமாக ஒரு நெல்லுக் குத்துற மில் போட வேண்டுமென்று, ஒவ்வொரு சாமானாகத் தேடிச் சேர்த்துப் பூட்டி வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு வாசரைக்கூட யாருக்கும் கொடுத்ததில்லை. திரும்பி வந்தவர் கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே எண்ணெய் மினுங்கும் ஒரு போல்ட்.

அதைப் பூட்டி அவர் இறுக்கி முடிக்க, மெசின் ஓடியது. கடைசி மூட்டையை வண்டியில் ஏற்றித் தறப்பாளால் மூடும்போது மழை விழுந்தது. வாப்பா அழுததை அன்றுதான் நான் பார்த்தேன்.

அடுத்த கிழமை, புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டிவிட்டு அந்த போல்ட்டைத் திருப்பித் தரவா என்று வாப்பா காக்காவிடம் கேட்டார். "வேணா. அது அங்க குடியிருந்து பழகிட்டு. இனி எழுப்பாதீங்க" என்றார் காக்கா. கொட்டிலுக்குள் அவருடைய எஞ்சின் ஒரு ஓட்டை வெறுமையாக நின்றது.

புது நெல்லுக் குத்தி ஆக்கிய முதல் சோற்றை உம்மா அவருக்குத்தான் கொடுத்தனுப்பினார். அவர் சாப்பிட்டார் என்ற செய்தி வரும்வரை எங்கள் வீட்டில் ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை.