இங்கிலீஷில் கேட்ட நாற்பது ரூபாய்

தேயிலைத் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக் கொடுத்த உறையை அழகையா வாங்கிப் பிரித்தான். ஐந்தாவது கடிதத்துக்கும் ரேடியோக் கம்பெனி பதில் போட்டுவிட்டது. வழக்கம்போல இங்கிலீஷில்.

ரேடியோவுக்கென்று அவன் கட்டிய முன்பணம் நாற்பது ரூபாய். ஒரு வருஷமாகியும் ரேடியோ வரவில்லை. அந்த நாற்பதோ, மனைவி அங்கம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கிடைத்தது. மாதக் கடைசிக்குள் மீட்காவிட்டால் தோடு மூழ்கிவிடும்.

"தோடு இல்லாம லயத்து வீட்டுப் பக்கம் வந்துறாதீங்க" என்று அவள் அமைதியாகச் சொல்லியிருந்தாள். அந்த அமைதிதான் அவனுக்குப் பயம்.

பதுளையில் கம்பெனிக்கு நேரில் போனபோது, பணத்தைத் திருப்பிக் கேட்பதென்றால் எழுத்தில், அதுவும் இங்கிலீஷில் கேட்க வேண்டும் என்று சிப்பந்தி விரட்டினார். கம்பெனி என்றால் அப்படித்தான் என்று அழகையாவும் நம்பினான். அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு எதிரே சின்ன அறையில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருக்கும் டைப் ஐயாவிடம் போனான். எழுத இரண்டு ரூபாய். வந்த பதிலைப் படித்துச் சொல்ல ஒரு ரூபாய்.

முதல் கடிதம் பணிவாகப் போனது. ரசீதை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினான். ரசீது கிடைத்தது, அடுத்த கடிதத்தோடு ரசீதை இணைக்கவும் என்று பதில் வந்தது. மூன்றாவதில் டைப் ஐயா கொஞ்சம் காரம் சேர்த்தார். கம்பெனி மனம் புண்பட்டது. நான்காவதில் மன்னிப்புக் கேட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு நன்றி என்றார்கள். ஐந்தாவதில் கோர்ட்டுக்குப் போவதாக மிரட்டியாயிற்று.

இன்று வந்த பதிலோடு அழகையா ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் பதுளைக்கு வந்து இறங்கியபோது டைப் ஐயா சாப்பிடப் போயிருந்தார். வெளியே வாங்குப் பலகையில், மடியில் உறையோடு தொப்பி போட்ட பெரியவர் ஒருவர்.

"ஒங்களுக்கும் இங்கிலீஷ் கடுதாசிங்களா?"

"என்னத்தச் சொல்ல தம்பி. ஒரு ஆள் விடாம எழுதி மிரட்டுறான். எனக்கு இங்கிலீஷ் ஓடாது. நெஞ்சு படபடங்குது."

அழகையாவுக்கு இரக்கமாகிவிட்டது. வயசான மனுஷனை இப்படி வதைக்கிறவன் உருப்படவே மாட்டான் என்று சாபமிட்டு, டைப் ஐயா வந்ததும் பெரியவரையே முதலில் உள்ளே அனுப்பினான்.

பக்கத்தில் தேத்தண்ணி விற்கும் கருப்பம்மா கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"ஒங்களுக்கு நல்ல மனசுங்க. அவருதான் ரேடியோக் கம்பெனி மொதலாளி ஜாபிர் நானா. ஒங்க கடுதாசி ஒவ்வொன்னையும் இங்கதான் கொண்டாந்து படிக்கச் சொல்லி, பதிலும் எழுதிக்கிட்டுப் போறாரு."