ஓஸ்மோ ஆள் எடுத்த கதை

சாயங்காலத்துக்குள் நல்ல புரோகிராமர் ஒருவரைப் பிடிக்காவிட்டால் ஓஸ்மோவின் மேனேஜர் வேலை அம்பேல். முதலாளி துலிக்கி மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"போன தடவை நீங்க எடுத்த மேதாவி எல்லாரோடயும் சண்டை போட்டுட்டு ஓடிட்டான். இந்தத் தடவை மூளையை மட்டும் பார்க்காதீங்க, குணத்தையும் பாருங்க. இன்னிக்கு ஆள் வரலேன்னா, நாளைக்கு நீங்களும் வர வேண்டாம்."

தம்பெரே நகரத்தில் அவர்கள் ஆபீஸ் இருந்த கட்டடத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் சேர்த்து நேர்காணல் அறை ஒன்றுதான். ஓஸ்மோ கதவைத் திறந்தபோது கண்ணாடி போட்ட ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம்."

"வணக்கம்."

அதோடு பேச்சு முடிந்தது. யோசிக்கிறவரிடம் வாய் கொடுத்துக் கெடுப்பது எங்கள் பின்லாந்தில் வழக்கமில்லை. ஓஸ்மோ காத்திருந்தார். அவரும் காத்திருந்தார். காபி ஆறிப்போயிற்று.

'துளிகூடப் பதற்றம் இல்லையே!' என்று ஓஸ்மோ மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

கடைசியில் பொறுக்க முடியாமல் ஓஸ்மோவே எழுந்து பலகையில் ஒரு கணக்கை எழுதினார். வேண்டுமென்றே ஒரு தகவலை விட்டுவிட்டார். நல்ல புரோகிராமர் கைவைப்பதற்கு முன் கேள்வி கேட்பார் என்பது அவர் கட்சி.

"இதுல ஒண்ணு குறையுதே, கவனிக்கலையா?" என்றார் கண்ணாடிக்காரர்.

பலே!

"சரி, இதைப் போடுங்க பார்ப்போம்" என்று அதன் பக்கத்திலேயே அவர் வேறொரு கணக்கை எழுதினார்.

மேனேஜருக்கே பரீட்சையா? ஆசாமி லேசுப்பட்டவர் இல்லை. விட்டுக்கொடுத்தால் மானம் போய்விடும் என்று ஓஸ்மோ அழித்து அழித்துப் போட்டு ஒருவழியாக முடித்தார். சட்டை தொப்பலாகிவிட்டது.

இனி கெத்தை மீட்க ஒரே வழிதான். "மேல சவுனா சூடா இருக்கு, போலாமா?"

"நானே கூப்பிடலாம்னு இருந்தேன்."

சவுனா என்கிற நீராவிக் குளியல் அறையில் உடுப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் எவராலும் நடிக்க முடியாது. ஓஸ்மோ கேள்வியைத் தொடங்குவதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"புரோகிராம் திடீர்னு படுத்துட்டா என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல தப்பு என் பேர்லயான்னு பார்ப்பேன். அப்புறம்தான் அடுத்தவனைத் திட்டுவேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆவி கிளம்ப இன்னொரு கரண்டி தண்ணீரைச் சுடு கல்லில் ஊற்றினார். "எனக்கு முழுத் திருப்தி."

"எனக்கும்தான்!" என்று ஓஸ்மோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாடா, பிழைத்தோம் என்றிருந்தது.

தலையைத் துவட்டிச் சீவிக்கொண்டு ரிசப்ஷனுக்கு ஓடினார். "பிர்க்கோ, மேடம்கிட்ட சொல்லிடும்மா. ஆள் கிடைச்சாச்சு!"

பிர்க்கோ விழித்தாள். "எந்த ஆளு சார்? புரோகிராமர் வேலைக்கு வந்த பொண்ணு இங்கதான் இவ்வளவு நேரமும் வாயே திறக்காம உட்கார்ந்திருந்துட்டுப் போச்சு. மேடம் பயங்கரக் கோபத்துல இருக்காங்க."

"என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"சவுனாவுல இருக்கறவங்களை எப்படி சார் கூப்பிடறது?"

ஓஸ்மோ மாடிப் பக்கம் கையைக் காட்டினார். "அப்ப என்கூட இருந்தவரு?"

"அவரா? மூணாம் மாடிக் கம்பெனி மேனேஜர். இப்பத்தான் இங்க வந்துட்டுப் போனாரு. உங்களைத் தேர்ந்தெடுத்துட்டாராம், திங்கட்கிழமை வந்து புரோகிராமரா சேர்ந்துக்கச் சொன்னாரு."