பைக்கு இரண்டு மிளகாய்

வீட்டு வழக்கப்படி செய்தால் எதுவும் தப்பாகாது என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்களில் நான் முதல் வரிசை. (இரண்டாவது வரிசையில் யாரும் இல்லை.) அந்த நம்பிக்கையால் ஒரு குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், துபாய் மளிகைக் கடை ஒன்றுக்குத் துவரம்பருப்பு அனுப்பும் ஆர்டர் எங்களுக்குக் கிடைத்தது. எங்களுக்கு என்றால் எனக்கும் மாமாவுக்கும், அதாவது அக்கா வீட்டுக்காரருக்கும். கோலார் தங்கவயலிலிருந்து வந்து, பீன்யா தொழிற்சாலை ஒன்றில் லேத் மெஷினோடு குடித்தனம் நடத்தியவர் மாமா. முதல் லோடு தேறினால் மாதாமாதம் ஆர்டர் என்றார்கள். அதை நம்பி வேலையை விட்டார். விடச் சொன்ன புத்திசாலி நான்தான்.

பீன்யாவிலேயே ஒரு ஷெட் பிடித்தோம். ஐந்து கிலோப் பைகளில் அக்கா பெயரை அச்சடித்து, பருப்பை நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒரு வண்டு என் கட்டைவிரலில் ஏறி நின்றது.

"மருந்துப் புகை போடுற ஆளைக் கூப்புடுடா. வெளிநாட்டுக்குப் போற சரக்குக்கு அதான் முறைன்னாங்களே?" என்றார் மாமா.

"சும்மா இருங்க மாமா. நம்ம வீட்டு டப்பால அம்மா புகையா போடுறாங்க?"

அம்மா போடுவது காய்ந்த மிளகாயும் வேப்பிலையும். ஆகவே பைக்கு இரண்டு மிளகாய், ஒரு கொத்து வேப்பிலை. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தை மொட்டையடித்தேன். மச்சினன் பி.காம். படித்தவன் என்ற மரியாதையில் மாமா வாயை மூடிக்கொண்டு பைகளின் வாயைத் தைத்தார். சுமை தூக்குபவர்கள் பைகளை வீசி வீசி அடுக்கினார்கள். உள்ளே மிளகாய் நொறுங்கும் என்று பி.காமில் சொல்லித்தரவில்லை.

சரக்கைப் பார்க்கக் கடையின் ஏஜென்ட் வந்தார். மல்லேஸ்வரத்துக் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். பருப்பு நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று கடித்துப் பார்ப்பது அந்தத் தொழிலில் வழக்கம். ஒரு பையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார்.

"ஒரு வண்டு கூட இருக்காது சார்!" என்றேன் பெருமையாக.

அவர் முகம் சிவந்தது, கண்ணில் நீர் கட்டியது, பிறகு தும்மத் தொடங்கினார். தும்மிக்கொண்டே உதட்டில் ஒட்டிய வேப்பிலையை எடுத்துப் பார்த்தார்.

"ஏனப்பா இது? பருப்பு கேட்டா சாம்பாரே அனுப்புறீங்க. புளிய மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"வண்டு வராம இருக்க சார்... எங்க வீட்டுல..."

"அப்ப உங்க வீட்டுலயே வெச்சுக்குங்க."

கார் கிளம்பிப் போய்விட்டது.

பொறுக்கிச் சுத்தம் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். மிளகாய் விதைக்கும் பருப்புக் குருணைக்கும் ஒரே நிறம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அக்கா முறத்தில் புடைக்கப் புடைக்க ஷெட்டே தும்மியது. ஒரு கட்டத்தில் அவள் முறத்தைக் கீழே வைத்து, "விடுங்க, போதும்" என்றாள். அவள் கண்ணில் இருந்தது தும்மலால் வந்த கண்ணீர் இல்லை. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. இதை எப்படிச் சொன்னாலும் சிரிப்பு வரவில்லை.

மாமா அதே தொழிற்சாலைக்கே திரும்பப் போனார், கான்ட்ராக்டில், தான் தொழில் கற்றுக்கொடுத்தவனுக்குக் கீழே. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பருப்பைத் தின்றே தீர்த்தோம். சொந்தக்காரர் கல்யாணங்களுக்கெல்லாம் மொய்யாகக்கூடப் பருப்புதான் போனது. இன்றும் எங்கள் வீட்டில் யார் தும்மினாலும், "துபாய்ல நெனைக்கிறாங்க" என்பார்கள்.

போன வருஷம் என் மகளுக்கு அதே துபாயில் வேலை கிடைத்தது. பெட்டி கட்டும்போது மாமா ஒரு பையோடு வந்தார். அச்சடித்த அக்கா பெயர் பாதி அழிந்துபோன, அந்தப் பழைய ஐந்து கிலோப் பை. உள்ளே பருப்பு, மேலே இரண்டு மிளகாய், ஒரு கொத்து வேப்பிலை.

"இதாச்சும் எக்ஸ்போர்ட் ஆகட்டும்டா" என்றார்.

வீடே சிரித்தது. நான் எழுந்து சமையலறைப் பக்கம் போய்விட்டேன். (தும்மல் வருகிறது என்று சொல்லிக்கொண்டு.)

ஒரு மாதம் கழித்து மகள் போனில் சொன்னாள்: "பருப்பு நல்லா இருக்குப்பா. ஒரு வண்டு கூட இல்ல."

மாமாவிடம் நீயே சொல்லிவிடு என்று, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் கையில் போனைக் கொடுத்துவிட்டேன்.