முகமில்லாத மனிதருக்கு நான் போடாத வோட்டு

பிள்ளைகளே, பேய்க்குப் பயப்படக்கூடாது என்று உங்களுக்குப் புத்தி சொல்லும் அப்பாமார் சிலர் பட்டப்பகலிலேயே நடுங்குகிறவர்கள். நான் அவர்களில் ஒருவன்.

என் மகள் சுகன்யா இணையத்தில் மாதாமாதம் நடக்கும் படக்கதைப் போட்டிக்கு, சோறு ஆறியதுகூடத் தெரியாமல் வரைந்து ஒரு கதை அனுப்பியிருந்தாள். வாசகர் வோட்டில் வென்றால் புத்தகத்தில் அச்சாகும். முடிவு வரும்வரை வரைந்தவர் பெயர் தெரியாது.

"அப்பா, இன்னைக்குத்தான் கடைசி நாள். புடிச்ச மூணுக்கு வோட்டு போடுங்க. என்னோடது எதுன்னு கேக்காதீங்க, அது கள்ள வோட்டு!" என்று சொல்லிவிட்டு டியூஷனுக்குப் போனாள்.

எங்கள் மலையூரான அம்பிட்டியவில் அன்று பின்னேரம் மூடுபனி எங்கள் கேட்வரை வந்து நின்றது. வீட்டில் நான் மட்டும். பூனைக் கதைக்கு ஒரு வோட்டு. முச்சக்கர வண்டி ஓட்டும் டைனோசருக்கு ஒன்று. மூன்றாவது கதையைத் திறந்தேன்.

மலைச்சரிவில் ஒரு வீடு. நீலக் கேட். எங்கள் கேட்! மூலை உடைந்த படி. எங்கள் படி! விரலால் தள்ளத் தள்ளப் படம் வீட்டுக்குள் நுழைந்தது. கதிரையில் உட்கார்ந்திருந்தார், இடுப்பில் என் சாரத்தைக் கட்டிய ஒரு மனிதர். முகம் இல்லை. உரித்த முட்டைபோல வெறுமை. அவருக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, ஒரு கறுப்பு உருவம். கீழே ஒரே வரி: "அவருக்கு இன்னும் தெரியாது."

என் முதுகுக்குப் பின்னாலும் ஜன்னல் திறந்துதான் இருந்தது. திரை மெல்ல அசைந்தது. (காற்றுத்தான். அதை அப்போது யார் என்னிடம் சொன்னது?)

புகார் கொடுக்க இருந்த "முறைப்பாடு" பொத்தானை அழுத்தி, 'இது என் வீடு, இது நான், வரைந்தவனைப் பிடியுங்கள்' என்று அனுப்பினேன். பிறகு குடையை ஓங்கியபடி கட்டில்மேல் ஏறி நின்றேன்.

சுகன்யா என்னை அப்படித்தான் கண்டாள். போனைப் பார்த்தவள் முகம் வெளிறியது.

"அப்பா, இது என்னோடது."

"அப்ப என் மூஞ்சி எங்கம்மா?"

"உங்க மூக்கு சரியா வரல. அழிச்சு அழிச்சு மூஞ்சியையே விட்டுட்டேன்."

"ஜன்னல்ல நிக்கிறது?"

"நான்தான். கணக்குல பதினெட்டு மார்க் எடுத்துட்டு உள்ள வர பயந்து நிக்கிறேன்."

மன்னிப்புக் கேட்டு எழுதினோம். ஆனால் விசாரணைக்காகக் கதையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் வோட்டும் முடிந்தது. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பென்சிலோடு எதிரே வந்து உட்கார்ந்தாள். "அசையாதீங்க. அடுத்த மாசத்துக்கு மூக்கு வேணும்."

இப்போதும் கறியில் உப்பில்லை என்று நான் வாய் திறந்தால் போதும், என் மனைவி போனை நீட்டுவாள்: "இந்தாங்க, முறைப்பாடு போட்டுட்டு கட்டில்ல ஏறுங்க."

சுகன்யா விழுந்து விழுந்து சிரிப்பாள். அதற்காகவே, உப்புச் சரியாக இருக்கும் நாளிலும் இல்லை என்கிறேன்.