நாங்கள் எடுத்த சிவப்புக் கூறை

எனக்குப் பிழைவிடத் தெரியும். சந்தேகத்தோடு பிழைவிடத் தெரியாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் விடுவேன். என் கலியாணக் கூறையை எடுத்ததும் அப்படித்தான்.

அறுபதுகளின் தொடக்கம். நான் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர். பெண் நிலாவெளி, பெயர் யோகேஸ்வரி, விலங்கியல் ரீச்சர். தாலிக்கு முன் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கொடுக்கும் கூறைச்சேலை அரக்குச் சிவப்பாக இருக்கவேண்டும் என்று மாமனார் சொல்லியனுப்பியிருந்தார். "நான் எடுப்பன்" என்று கிளம்பினேன். துணைக்கு அம்மாவின் தம்பி, கந்தளாய் மாமா. அவர் வயல்காரர். நெல் விளைந்துவிட்டதா என்பதை நிறம் பார்த்துச் சொல்லமாட்டார், மணியைக் கடித்துப் பார்த்துத்தான் சொல்வார். (அனுபவம் என்று நாங்கள் வாயைப் பிளந்திருக்கிறோம்.)

கடையில் விரித்த சேலைகளில் ஒன்றின்மேல் இருவரும் ஒன்றாகக் கை வைத்தோம்.

"தம்பி, இது கூறைக்கோ?" என்று கடைக்காரர் இழுத்தார்.

"ஓம். ஏன், எங்களுக்குக் கண் இல்லையோ?"

"நல்ல அரக்கு" என்றார் மாமா.

கடைக்காரர் சேலையை மடித்துப் பொதிசெய்து தந்தார். முகூர்த்தம்வரை பொதியைப் பிரிக்கக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை, ஒருவரும் பிரிக்கவுமில்லை.

மணவறையில் ஐயர் பிரித்துத் தட்டத்தில் வைத்தார். ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றப் போன தட்டம் முதல் வரிசையிலேயே நின்றுவிட்டது. மேளமும் நின்றது என்று மாமா பிற்பாடு சத்தியம் செய்வார். (நிற்கவில்லை.)

"என்ன இது, கரும்பச்சை?" என்றார் மாமனார்.

"சிவப்பு" என்றேன் நான்.

"நல்ல அரக்கல்லோ, அண்ணை?" என்றார் மாமா.

மாமனாரின் முகம் கறுத்தது. "கண் பழுதை மறைச்சுப்போட்டியள். இந்தக் கலியாணம் ஏலாது."

"எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இப்பிடி இல்லை" என்று என் அப்பா அவசரமாகச் சொல்ல, சபை முழுவதும் அம்மாவைப் பார்த்தது. அம்மா தலையைக் குனிந்தா. பெண்ணும் போய் அம்மாவின் மானமும் போகப்போகிறது என்று பயந்துவிட்டேன்.

குனிந்திருந்த யோகேஸ்வரி நிமிர்ந்தாள். (வகுப்பில் பார்க்கும் பார்வை.)

"அப்பா, மாமி ஒண்டையும் மறைக்கேல்ல. அவவுக்கே தெரியாது. பொம்பிளையளுக்கு ரெண்டு எக்ஸ் நிறமூர்த்தம், அதுதான் குரோமோசோம். ஒண்டில பழுதெண்டா மற்றது சமாளிச்சுப்போடும். ஆம்பிளையளுக்கு ஒண்டுதான், அதுவும் தாயிட்ட இருந்து வாறது. அதுதான் மாமனும் மருமகனும் ஒரே மாதிரிப் பாக்கினம்."

"அப்ப நாளைக்கு உன்ர பிள்ளையள்?"

"மகன்மாருக்கு இவரிட்ட இருந்து இது வராது. மகள் தனக்குத் தெரியாமலே சுமப்பாள். அவளின்ர மகனுக்கு வரலாம், வராமலும் விடலாம். அதுக்கு இன்னும் காலம் கிடக்கு, முகூர்த்தத்துக்குத்தான் நேரமில்லை. தட்டத்தைத் தாங்கோ, உடுத்துக்கொண்டு வாறன்."

மாமனார் தட்டத்தை நீட்டினார். உடுத்துக்கொண்டு வந்தாள். ஊருக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. இப்படி ஒருத்தி எனக்குக் கிடைத்தாளே என்று அன்று வந்த பெருமை இன்றுவரை குறையவில்லை.

எங்கள் வீட்டில் எந்த இருவராவது ஒரு விஷயத்தில் உடனே ஒத்துப்போனால், மூன்றாமவர் "நல்ல அரக்கு" என்று சொல்லாமல் விடுவதில்லை.

மகன்மார் மூவருக்கும் நிறம் பிசகவில்லை. மகளின் மகன் ஐந்து வயதில் தென்னோலைக்கு மண்ணிறம் தீட்டினான். மகள் கண் கலங்கி அவனைக் கூட்டிவந்தாள். யோகேஸ்வரி அலுமாரியைத் திறந்து கூறையை எடுத்து அவன் முன் விரித்தாள்.

"இது என்ன நிறம், ராசா?"

"சிவப்பு, அம்மம்மா."

மாமா காலமானபின் எனக்கு இந்த வீட்டில் ஒரு சாட்சி இல்லாமல் இருந்தது. பேரனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தினேன்.

"நிமித்துங்கோ, நிமித்துங்கோ" என்றாள் யோகேஸ்வரி. "ஆனால் இவன்ர கலியாணத்துக்குக் கூறை எடுக்க நான்தான் போவன்."