மடி பார்க்காத பிள்ளையார்

"கறுத்துப் போச்சு ஷிஜு! மொத்தமாக் கறுத்துப் போச்சு!"

மஹேஷ் போனில் போட்ட அலறலில் கரமனை அக்ரஹாரத்தின் எதிர்வரிசை ஜன்னல்கள் இரண்டு திறந்தன. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அப்படியொன்றும் தப்பில்லை. கறுத்துப் போனது அவனுடைய லேப்டாப்பின் திரை. அதில்தான் அவன் பிழைப்பே இருந்தது.

எல்லாம் காலையில் ஆபீஸிலிருந்து வந்த மெயிலால் வந்த வினை. லினக்ஸ் கர்னலை இன்றே புதுப்பித்தாக வேண்டும், இல்லாவிட்டால் பகல் பன்னிரண்டு மணி டெமோவுக்கு இணைப்புக் கிடையாது என்று மிரட்டியிருந்தார்கள். கர்னல் என்பது கம்ப்யூட்டரின் உயிர்நாடி. டெமோ நடக்கிற நாளில் அதில் கைவைக்க யாரும் பயப்படுவார்கள். மஹேஷுக்குக் கூடுதல் பயம். டெமோ சொதப்பினால் வேலை மொத்தமும் பெங்களூர் டீமுக்குப் போய்விடும். வேலையோடு அவனும் போக வேண்டும். மனைவி ஆஷாவுக்கு இங்கே ஸ்கூலில் டீச்சர் உத்தியோகம். அப்பா நீலகண்டனுக்கோ பக்கத்திலிருக்கும் கிள்ளிப்பாலம் தாண்டினாலே ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் பயத்தில்தான் அவன் அப்பா சொன்னதைக் கேட்டான்.

"பிள்ளையாரைக் கூட வெச்சுக்காம ஒரு காரியம் தொடங்குவாளோடா? கர்னலோ ஜெனரலோ, யாரானாலும் அவருக்கு அப்புறமாக்கும்."

"நான் இன்னும் குளிக்கலையேப்பா!"

குளிக்காதவன் பூஜை அறைப் பிள்ளையாரைத் தொட்டுவிட்டால், அப்பா வாத்தியாரை வரவழைத்துத் தீட்டுக் கழிக்கப் புண்ணியாகவாசனம் செய்யாமல் ஓயமாட்டார். குளித்துவிட்டு வரலாம் என்றால் நேரமில்லை. அப்பா நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"கார்ல ஒருத்தர் இருக்காரோல்லியோ? அவருக்கு மடி, விழுப்பு ஒண்ணும் கிடையாது. தினம் தம்பானூர் பஸ் புகையெல்லாம் முழுங்கறவர். எடுத்துண்டு வா."

அப்படித்தான் காரின் டாஷ்போர்டில் இருந்த கட்டைவிரல் உயரப் பிள்ளையார் வீட்டுக்குள் வந்தார். மேஜை ஓரத்தில் இருந்தபடியே முழு அப்டேட்டையும் மேற்பார்வை பார்த்தார். எழுத்து மட்டும் வரும் திரையில் எல்லாம் மளமளவென்று ஓடி முடிந்தது. 'இப்போது ரீபூட் செய்யலாமா?' என்று கேட்டது. மஹேஷுக்குத் தனியாகத் தட்டத் துணிவில்லை. பிள்ளையாரை எடுத்து, லேப்டாப்பிலேயே கீபோர்டுக்குக் கீழே இடது மூலையில் வைத்தான். அவர் அங்கே அழுத்தமாக உட்கார்ந்துகொண்டார். மஹேஷ் கண்களை இறுக மூடிக்கொண்டு என்டரைத் தட்டினான்.

கண்ணைத் திறந்தபோது கம்பெனி முத்திரை வந்தது. எழுத்துகள் வந்தன. அப்புறம்தான் கறுத்தது.

ஷிஜு அவனுடைய ஆபீஸ் சகா. பாறசாலைக்காரன், மலையாளம் கலந்து பேசுகிறவன். லினக்ஸில் எது போனாலும் எல்லாரும் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"பேடிக்காதீங்க அண்ணா, பயப்பட ஒண்ணும் இல்ல. தொடக்கத்துல எழுத்து வருதா?"

"வரது. டெஸ்க்டாப் வர நேரத்துலதான் டக்குனு போயிடறது."

"அப்போ புது கர்னலுக்கும் திரையை ஓட்டுற டிஸ்பிளே டிரைவருக்கும் ஒத்துப்போகல்ல. வேற மானிட்டர் இருக்கா?"

"அப்பாவோட டிவிதான் இருக்கு. அதுல கேபிள் சொருக ஓட்டையே கிடையாது."

"அப்போ பழைய கர்னல்ல ஏத்துங்க. அது இப்பவும் உள்ளதான் கெடக்கும்."

மஹேஷ் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தான். நேற்று ராத்திரி வரை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது அது. எழுத்து வந்தது, டெஸ்க்டாப் வரும் நேரம் வந்தது, திரை கறுத்தது. மஹேஷ் திடுக்கிட்டுப் போனான்.

"பழசும் கறுப்பா?" ஷிஜுவின் குரலே இறங்கிவிட்டது. "இது என்ன மாயம்! அப்போ டிரைவரைத் தூக்கிடுங்க."

எழுத்து மட்டும் வரும் திரையில் நுழைந்து டிரைவரைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் வைஃபையும் சேர்ந்து போனது. கறுப்பு மட்டும் போகவில்லை.

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கார்ப் பிள்ளையாரைக் கையில் எடுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டு, "பழவங்காடி கணபதியே, பதினோரு தேங்காய் உடைக்கறேன்!" என்று உரக்க நேர்ந்துகொண்டார்.

பளிச்சென்று திரை எரிந்தது.

"வந்துடுத்து! அப்பா, வந்துடுத்து!"

மஹேஷ் துள்ளினான். அப்பாவுக்குக் கண் கலங்கியே விட்டது. நன்றியோடு பிள்ளையாரை இருந்த இடத்திலேயே இருத்தி, தலையில் குட்டிக்கொண்டு, ஒரு தோப்புக்கரணமும் போட்டார். அவர் நிமிர்வதற்குள் திரை மறுபடி கறுத்திருந்தது.

"பதினொண்ணு போறாதுங்கறார்டா," என்றார் அப்பா, அரண்டுபோய். கைகளைக் கூப்பினார். "நூத்தியொண்ணு!"

நூற்றொன்றுக்கும் பிள்ளையார் அசையவில்லை.

"வந்துட்டுப் போச்சா?" என்றான் ஷிஜு. "அப்போ உள்ள எல்லாம் கொழம்பிக் கெடக்கு அண்ணா. மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்துறதுதான் ஒரே வழி. டெமோவோட காப்பி சர்வர்ல இருக்குல்லா?"

"இருக்கு, இருக்கு," என்றான் மஹேஷ். அந்த நேரத்தில் அவனிடம் எதைக் கேட்டிருந்தாலும் இருக்கு என்றுதான் சொல்லியிருப்பான்.

பென்டிரைவைச் சொருகினான். மறுபடியும் எழுத்து மட்டும் வரும் திரை. அதில் எல்லாம் சமர்த்தாக நடந்தது. 'இந்த வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். சம்மதமா?' சம்மதம் என்றான். அழிந்தது. அழிந்து முடிந்த பிறகு அவனுக்கு நேற்றைய தினம் நினைவுக்கு வந்தது.

"அப்பா... நேத்திக்கு டெமோவை சர்வர்ல ஏத்தப் போனேன். நீங்க என்ன சொன்னேள்?"

"நவமியாக்கும், வேண்டாம், நாளைக்குத் தசமியில ஏத்திக்கலாம்னேன்." அப்பாவின் முகத்தில் பெருமை மிச்சமிருந்தது. "ஏத்தியாச்சோ?"

மஹேஷ் ஏற்றியிருக்கவில்லை. ஆறு மாத உழைப்பு அவன் கையாலேயே துடைக்கப்பட்டிருந்தது. லேப்டாப் தன்பாட்டில் புது அமைப்பை ஏற்றிக்கொண்டிருந்தது. ஏற்றி முடித்து, ரீபூட் ஆகி, டெஸ்க்டாப் வரும் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. கர்னல் புதிது, டிரைவர் புதிது, சகலமும் புதிது. கறுப்பு மட்டும் அதே பழைய கறுப்பு.

"அப்போ ஹார்டுவேர் போச்சு அண்ணா," என்று ஷிஜு துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பன்னிரண்டு அடிக்கப் போகும்போது மேனேஜர் பிந்து மேடம் கூப்பிட்டாள்.

"மேடம், லேப்டாப் போயிடுத்து. டெமோவும் அதுக்குள்ளேயே போயிடுத்து."

எதிர்முனையில் அவள் யாருக்கோ மெயில் தட்டும் சத்தம் கேட்டது.

"ஓகே மஹேஷ். பெங்களூர் டீம் அவங்ககிட்ட உள்ளதைக் காட்டட்டும். அடுத்த மாசம் நீங்களும் அங்கே ஜாயின் பண்ணிடுங்க, கேட்டோ?"

கேட்டான். பக்கத்தில் நின்ற அப்பாவும் கேட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். ஜலதோஷம் அப்போதே வந்துவிட்டது.

ஸ்கூல் லீவென்று ஸ்ரீவராகத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஆஷா அந்த நேரம் பார்த்துத்தான் திரும்பி வந்தாள். இரண்டு பேரும் இருக்கிற இருப்பைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"என்னாச்சு? ஏன் ரெண்டு பேரும் இப்படி உக்காந்துண்டிருக்கேள்?"

"ஒண்ணும் கேக்காதே. காரை எடு," என்றார் அப்பா. "பழவங்காடிக்குப் போய் முதல்ல தேங்காயை உடைச்சுடலாம். பெரிய தோஷம் ஏதோ இருக்கு."

ஆஷா சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஏன்னா, கார்ல பிள்ளையாரைக் காணோமே?"

மஹேஷ் லேப்டாப்பைக் காட்டினான். அவள் குனிந்து பிள்ளையாரைப் பற்றினாள். லேசில் வரவில்லை, கொஞ்சம் இழுத்ததும் 'டக்'கென்று கையோடு வந்தார்.

திரை பளீரென்று எரிந்தது. நீலவானப் படத்தின் நடுவே, புத்தம்புதிதாக, ஒரு ஃபைல்கூட இல்லாமல், 'நல்வரவு' என்றது.

மஹேஷின் வாய் திறந்தபடியே நின்றது. அப்பாவின் துண்டு மூக்கிலிருந்து நழுவியது. ஆஷா பிள்ளையாரைப் புரட்டி அடிப்பாகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"இவரைப் போய் ஏன்னா இதுமேல வெச்சேள்? அடியில காந்தம் இருக்கோல்லியோ, போன வாரம் கார்ல என் ஸ்கூல் லேப்டாப்ல வெச்சப்போ அதுவும் மூடியைச் சாத்தியாச்சுன்னு நெனச்சுண்டு இப்படித்தான் தூங்கிடுத்து!"